பத்தாம் நம்பர் நிறுத்தத்து ஆனை

சங்கிலிமேடு என்கிற மலைநகரத்தில் பஸ்கள் ஏன் நேரத்துக்கு ஓடுவதில்லை என்று கண்டறிய நகரசபை ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. நிறுவனத்தார் கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்து, மழைக்காலம் முழுக்க மலையிலேயே தங்கி, ஏலக்காய் டீயாகக் குடித்துத் தள்ளி, ஆழ்ந்து ஆராய்ந்து, யாராலும் மறுக்க முடியாத ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பஸ் தாமதமாவதற்கு முதன்மைக் காரணம் பயணிகள்.

அவர்கள் ஏறுகிறார்கள். அது போதாதென்று இறங்கவும் செய்கிறார்கள். ஏறும்போது கூடையை உள்ளே தள்ளுகிறார்கள், இறங்கும்போது செருப்பைத் தேடுகிறார்கள். இந்தத் தொந்தரவு இல்லாத இடங்களில் பஸ் நன்றாகவே ஓடுகிறது. ஆகவே 'ஒருங்கிணைந்த நகர இயங்குதிறன் பெருந்திட்டம்' என்ற ஒன்று வகுக்கப்பட்டு, வழியிலிருந்த நிறுத்தங்களெல்லாம் எடுக்கப்பட்டன. ஊர் நடுவிலிருந்த பஸ் ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு, அங்கே 'ஐ லவ் சங்கிலிமேடு' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து வைத்து, ராத்திரியில் அது சிவப்பாக மின்னுவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். அப்படியானால் பஸ் எங்கேதான் நிற்கும் என்று கேட்ட ஒருவருக்கு, நிற்பது பழைய சிந்தனை, இயங்குவதே புதிய சிந்தனை என்று விளக்கம் தரப்பட்டது.

அன்று முதல் பஸ் சொன்ன நேரத்துக்கு ஓடியது. காலியாக ஓடியது. மாப்பிள்ளை இல்லாத கல்யாணக் கார் மாதிரி ஜம்மென்று ஓடியது.

இதில் மகிழ்ச்சி அடையாதவர்களில் ஒருத்தி, எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான பத்தாம் நம்பர் லயத்துப் புஷ்பமேரி. தேயிலை கிள்ளுகிறவள். இந்த மலையில் நின்று கூப்பிட்டால் அந்த மலையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்பதால் அவளைப் பயணிகள் உரிமைச் சங்கத்துக்குத் தலைவியாக்கி இருந்தார்கள். அவள் மகள் டின்சி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். பஸ் நிற்காததால் ஜீப்புக்குக் கை காட்டினாள். ஜீப்புகளோ சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, நல்ல ரோட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் குதிப்பதற்குப் போய்க்கொண்டிருந்தன. இப்போது அதுதான் மோஸ்தர். டின்சி நடந்தே போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் இப்படி வந்தேன்னா, அப்பறம் வரவே வேண்டாம்" என்றார்.

புஷ்பமேரி அடுத்த லயமான பதினொன்றாம் நம்பரிலிருந்து சாந்தம்மாளையும் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனாள். திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி மலையாளியான ஜோஜோ. நல்ல மனுஷன். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அன்று என்னவோ மழை, அதனால் மாட்டிக்கொண்டார்.

"எங்க ஸ்டாப்ப எடுத்துட்டீங்க சார்" என்றாள் புஷ்பமேரி.

"எடுக்கல சேச்சி. சீரமைச்சிருக்கோம்."

"அங்க ஒண்ணுமே இல்லையே சார்."

"அதான் சீரமைப்பு." ஜோஜோ கணினியைத் தட்டினார். "இதா நோக்கு. போன மாசம் பத்தாம் நம்பர்ல ஏறின யாத்திரக்காரர் ஒருத்தரும் இல்ல. ஆளே ஏறாத இடத்துல ஸ்டாப் எதுக்கு?"

"பஸ் நின்னாத்தான சார் ஏற முடியும்?"

"அது காரணம். காரணம் போடறதுக்கு இதுல இடம் இல்ல."

சாந்தம்மாள் கேட்டாள்: "ஆளு கைய காட்டினா நிறுத்தலாம்லா சார்? டிரைவர் மொக்கையன் எங்க பக்கத்து ஆளுதான். கேட்டா, ஆர்டர் இல்லைங்கான்."

"கரெக்ட். மனுஷன் நின்னா பஸ் நிறுத்தணும்னு ஆர்டர் ஒண்ணும் இல்ல." ஜோஜோ கொஞ்சம் யோசித்து, உண்மையான அனுதாபத்தோடு சொன்னார். "காட்டு மிருகம் நின்னா நிறுத்தணும்னு ஒரு ஆர்டர் உண்டு. கர்சனமான ஆர்டர், மீறவே கூடாது. ஆனா அது உங்களுக்கு ஆகாது இல்லயா? மனு கொடுத்துட்டுப் போங்க. பரிசீலிக்கலாம்."

மனுவைக் கொடுத்துவிட்டு இருவரும் நனைந்துகொண்டே மலையேறினார்கள். பாதி வழியில் ஒரு காட்சி. யாருக்கும் நிற்காத அந்த பஸ், விளக்கை அணைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் ரோட்டில் நின்றது. முன்னால் ஒரு ஆனைச் சாணி உருண்டை. புதுசு, ஆவி பறந்தது. மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் எவனும் ஆவி பறக்கிற சாணியைத் தாண்டிப் போக மாட்டான். போட்டவர் பக்கத்தில்தான் இருப்பார் என்று அர்த்தம். மொக்கையன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புஷ்பமேரி பஸ்ஸைப் பார்த்தாள். சாணியைப் பார்த்தாள். மழையை மறந்து சிரித்தாள்.

"என்னடி?" என்றாள் சாந்தம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா. நம்ம மனுவ தப்பான ஆள் பேருல எழுதிட்டோம்."

பத்தாம் நம்பரில் சாணிக்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் காவல்காரர் கருத்தப்பாண்டி, கீழ்க்காட்டு யூகலிப்டஸ் ஓரத்திலிருந்து சாக்கு நிறையக் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஆறிப்போன சாணிக்கு எந்த டிரைவர் மதிப்புக் கொடுப்பான்? அதற்கும் புஷ்பமேரி வழி வைத்திருந்தாள். காலையில் சோறு வடித்து, குடிப்பதற்காக உப்பும் சீரகமும் போட்ட கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்கில் பிடித்துக்கொண்டு போய், பஸ் சத்தம் வளைவில் கேட்டதும் மேலே ஊற்றினால், ஆனை இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஆவி கிளம்பும்.

தடை போட்டது அவள் புருஷன் சுவக்கீன்தான். எஸ்டேட் மாதா கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார்.

"மேரி, இது பொய் ஆகாதா?"

"நாம வாயத் தொறந்து ஆனை வந்துச்சுன்னு சொன்னோமாங்க? சாணி கெடக்கு. பாக்கிறவன் ஆனைன்னு நெனச்சா அது அவன் விசுவாசம்."

சுவக்கீன் விசுவாசத்துக்கு எதிராகப் பேச முடியாதவர். பிளாஸ்கை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை வளைவில் பஸ் திரும்பியது. சாணி புகைந்தது. மொக்கையன் பிரேக்கை மிதித்தான். கண்டக்டர் வாயில் விரலை வைத்தார். தேயிலைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து பத்தாம் நம்பர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, பூனை நடை நடந்து, சில்லறையைக் கையில் ரெடியாக வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஒருவரும் முண்டவில்லை. ஜன்னலோர சீட்டுக்கு ஒருவரும் துண்டு போடவில்லை. சங்கிலிமேட்டு வரலாற்றில் இவ்வளவு ஒழுக்கமாக யாரும் பஸ் ஏறியதே இல்லை. கடைசி ஆள் ஏறியதும் சுவக்கீன் கீழே நின்று தொண்டையைக் கனைத்து, "அது போயிருச்சு மொக்கையா" என்று ரகசியமாகச் சொன்னார். பஸ் கிளம்பியது. எது போனது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

டவுனில் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, டின்சி கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். கடைக்காரர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் அந்த பஸ்ஸில் அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று நகரசபைக்குக் காட்டிக்கொடுக்கிற கருவி ஒன்று இருந்தது. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த நிமி மேடம், பஸ் காலைதோறும் ஒரே இடத்தில் நிற்பதைத் திரையில் கண்டு மொக்கையனை அழைத்தாள்.

"எதுக்கு நிறுத்தறீங்க?"

"ஆனைங்க மேடம்."

"தினமும் அதே நேரத்துக்கா?"

"தினமும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராது."

"ஏன்?"

மொக்கையன் தலையைச் சொறிந்தான். "லீவா இருக்கும்."

நிமி மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் படித்த பெரிய பெரிய நகரங்களில்கூட மனிதர்கள் நேரத்துக்கு பஸ் நிறுத்தத்துக்கு வருவதில்லை. இங்கே ஒரு ஆனை வருகிறது. வார விடுமுறையும் எடுக்கிறது. "அடிபொளி" என்று மலையாளத்தில் வியந்தாள்.

சாணி பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. ஆனைச் சாணிதான் என்பதில் ஐயமில்லை என்றும், அதில் புழுங்கலரிசிச் சத்தும் சிறிதளவு உப்பும் சீரகமும் காணப்படுவதாகவும், ஆகவே இது உடல்நலத்தில் அக்கறை கொண்ட, மனிதர்களோடு இணக்கமான ஆனை என்றும் முடிவு வந்தது. அந்த வாரமே மலையுச்சி ரிசார்ட்டில் 'ஆனை டயட்' அறிமுகமானது. சீரகம் போட்ட கஞ்சி. அதை மூங்கில் குவளையில் ஊற்றி, ஓரத்தில் ஒரு பூவைச் செருகி, பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்கு வைத்தார்கள். அவர்கள் குடிப்பதற்கு முன் படம் எடுத்தார்கள். குடித்த பிறகு உடம்பு லேசாகிவிட்டதாகச் சொன்னார்கள். பில்லைப் பார்த்த பிறகு பர்ஸும் லேசாகியிருக்கும்.

மனிதர்கள் வருஷக்கணக்கில் கேட்டும் கிடைக்காத நிழற்குடை, ஆனைக்குப் பத்தே நாளில் எழும்பியது. கூரை இரண்டு மாடி உயரம். ஏறுவதற்குச் சரிவுப் பாதை. உட்கார சிமெண்டு பெஞ்சு. அதன் வலிமையை அறிய நகரசபை உறுப்பினர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் அதில் உட்கார வைக்கப்பட்டார்கள். பஸ் எப்போது வரும் என்று காட்டுகிற மின்பலகையைத் தும்பிக்கை எட்டாத உயரத்தில் வைத்தார்கள். அதாவது யார் கண்ணுக்கும் தெரியாத உயரத்தில். கடைசியாக ஒரு அறிவிப்பு: 'ஆனைக்கு மட்டும். பொதுமக்கள் நூறு மீட்டர் விலகி நிற்கவும்.' விலக்குவதற்கு ஒரு காவலாளி.

மறுநாள் பஸ் வந்தது. முறைப்படி நின்றது. பத்தாம் நம்பர்க்காரர்கள் நூறு மீட்டருக்கு அப்பால் நின்று அது நிற்பதைப் பார்த்தார்கள். முறைப்படி கிளம்பிப் போனது.

டின்சி நடந்து போனாள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நாள்" என்றார்.

அன்று சனிக்கிழமை, சாயங்காலம் நகரசபை மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் நகரசபைத் தலைவருக்கு ஒரு நாற்காலி, ஜோஜோவுக்கு ஒன்று, நிமி மேடத்துக்கு ஒன்று. ஓரத்தில், நாலு நாற்காலியைச் சேர்த்துக் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, 'ஆனை' என்று பெயர்ப்பலகை வைத்து ஒரு ஆசனம். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது நிமி மேடத்தின் கொள்கை. பத்தாம் நம்பர்க்காரர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

புஷ்பமேரி மைக் இல்லாமலே பேசினாள்.

"ஐயா, ஆனையே கெடையாது. சாணிய போட்டது நாங்கதான். கஞ்சிய ஊத்தினது நான். பஸ் நிக்கணும்னு செஞ்சோம். ஸ்டாப்ப எங்களுக்குத் தாங்க."

மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"சேச்சி" என்றார் ஜோஜோ மென்மையாக. "ஆனை உண்டுன்னு லேப் சொல்லுது. இல்லைன்னு சொல்ல உங்ககிட்ட லேப் இருக்கா?"

"பாண்டியண்ணன கேளுங்க. சாக்குல கொண்டாந்தது அவருதான்."

கருத்தப்பாண்டி முன்வரிசையில் இருந்தார். மேலே ஆனைப் படம் போட்ட பனியன். இப்போது அவர் 'ஆனை தரிசன ஜீப் பயண'த்துக்கு வழிகாட்டி. எதையுமே காட்டாமல் ஆட்களை ஏற்றி இறக்குவதற்கு ரிசார்ட்டுக்காரர்கள் நல்ல சம்பளம் கொடுத்தார்கள். எழுந்து கைகூப்பினார்.

"ஆனைய நான் கண்ணால பாத்திருக்கேன். ஒத்தக் கொம்பன். சொன்ன பேச்சு கேக்கும்."

"எண்ணே, போன வாரம் சாக்குக்குக் கூலி கேட்டு எங்க வீட்டு வாசல்ல நின்னீங்களே?"

"அது வேற சாக்கு புஷ்பம்."

ஆனை டயட் ரிசார்ட்டின் மேலாளர், இத்தகைய வதந்திகள் நகரத்தின் பெயரைக் கெடுக்கும் என்றார். ஆனைப் பனியன் வியாபாரிகள் கைதட்டினார்கள். ஆனை இல்லை என்று சொல்வது ஆனைக்கு மனவருத்தம் தரலாம் என்று தலைவர் கவலை தெரிவித்தார். சுவக்கீன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்துக்காக என்று தெரியவில்லை.

புஷ்பமேரி வெள்ளைத் துணி போர்த்திய அந்தக் காலி ஆசனத்தைப் பார்த்தாள். டின்சிக்கு மிச்சம் இருப்பது ஒரு நாள்.

"சரிங்க. ஆனை இருக்கு" என்றாள். மண்டபம் மூச்சு விட்டது. "அப்ப ஒண்ணு கேக்கேன். அதுக்கு என்ன வேணும்னு அதுகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

நிமி மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். "அது… அது ஒரு குறைதான்" என்றாள்.

"நான் கேட்டேன். தெனமும் கஞ்சி ஊத்துறவ நான். அது என்கிட்டத்தான் பேசும்."

இவ்வளவு தெளிவான தகுதி உள்ளவர் வேறு யாரும் மண்டபத்தில் இல்லை. புஷ்பமேரி ஆனையின் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாக அங்கேயே நியமிக்கப்பட்டாள். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். நாலு நாற்காலி ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் கிடைக்காத சீட்டுக்கெல்லாம் சேர்த்து அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

"ஆனை தனியா பஸ் ஏறாது" என்று ஆரம்பித்தாள். "கூட்டமாத்தான் ஏறும். பத்தாம் நம்பர்ல இருக்கிற நாங்கதான் அதோட கூட்டம்."

ஜோஜோ விதிகளைப் புரட்டினார். ஆனைக்குக் கூட்டம் இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. கூட்டத்தில் யார் யார் இருக்கலாம் என்றும் இல்லை. பத்தாம் நம்பர் லயத்தினர் இனி ஆனைக் கூட்டமாகக் கருதப்படுவர் என்று எழுதிக்கொண்டார்.

"சாயங்காலமும் ஒரு பஸ் வேணும். வேலை முடிஞ்சு திரும்பணும்லா."

"அனுமதிச்சு."

"ரோட்டுல விளக்கு."

"அனுமதிச்சு."

"பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ்."

ஜோஜோ நிமிர்ந்தார். "ஒத்தக் கொம்பன்னு சொன்னாரே?"

"கூட்டத்துல பெண்ணானைங்கதான் சார் ஜாஸ்தி."

"அனுமதிச்சு."

"ஞாயித்துக்கிழமையும் பஸ்."

"அன்னைக்கு ஆனைக்கு லீவு இல்லயா?"

"டவுன்ல பூசைக்குப் போகணும் சார்."

சுவக்கீன் கண்ணைத் திறந்தார். ஜோஜோ "அனுமதிச்சு" என்றார். மனிதர்கள் பத்து வருஷமாக எழுதிக்கொடுத்த மனுவில் இருந்த அத்தனையும் ஒரு டீ ஆறுவதற்குள் நிறைவேறியது. நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்புக்கு இது ஒரு முன்மாதிரி என்று தலைவர் நன்றியுரையில் குறிப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை பஸ் பத்தாம் நம்பரில் நின்றது. சாணி இல்லை, கஞ்சி இல்லை. காவலாளி சல்யூட் அடித்தான். கூட்டம் ஏறியது.

"யம்மா, இப்ப நான் கடைக்குப் போறது ஆனைக்குட்டியாவா?" என்றாள் டின்சி.

"வேலை நெலச்சுதா இல்லையா? பேசாம ஒக்காரு."

வேலை நிலைத்தது. கடைக்காரர்கூட இப்போது அவளிடம் மரியாதையாக இருந்தார். கடை வாசலில் ஆனைப் பனியன் தொங்கவிட்டிருந்தார். புஷ்பமேரியும் மாறிப்போயிருந்தாள். வாரம் தவறாமல் நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள். அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றினாள். நிமி மேடம் ஊருக்குப் போகும்போது தன் கறுப்புக் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். தேயிலைக் காட்டில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் கொழுந்துக்கும் முற்றிய கரட்டு இலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் காலை பஸ் பத்தாம் நம்பரை விட்டுக் கிளம்பிப் பதினொன்றாம் நம்பர் வளைவுக்கு வந்தது. அங்கே சாந்தம்மாளும் இன்னும் சிலரும் ரோட்டோரம் நின்று கை காட்டினார்கள். மொக்கையன் பழைய பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"எதுக்கு மெல்லப் போறீங்க அண்ணே?" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்த புஷ்பமேரி.

"சாந்தம்மா நிக்குது."

"ஒவ்வொரு ஊர்லயும் நின்னா எப்ப டவுன் போய்ச் சேர்றது? டின்சிக்கு நேரமாச்சு. போங்க."

சாந்தம்மாள் பஸ்ஸோடு கூடவே ஓடிவந்தாள். "மேரி, ஆபீஸுக்கு ஒன்கூட நனைஞ்சுக்கிட்டு வந்தவ நானு. எங்க மனு என்ன ஆச்சுடி? நீதான இப்ப அங்க ஒக்காந்திருக்க?"

புஷ்பமேரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "பரிசீலனையில இருக்குக்கா" என்றாள். "ஒங்க ஸ்டாப்ல யாரும் ஏறுறதா கணக்கு இல்லையே."

பஸ் போய்விட்டது. சாந்தம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சிரட்டைகளைத் தேட ஆரம்பித்தாள். பெரிய சிரட்டை ஒன்று, சின்னதாக நாலு.

மறுநாள் பதினொன்றாம் நம்பர் வளைவில், மழையில் ஊறிய செம்மண் ஓரத்தில், புலியின் காலடித் தடம் ரோட்டைக் குறுக்காகக் கடந்து போயிருந்தது. உள்ளங்கால் பெரிசாக, விரல்கள் நாலும் அழகாகப் பதிந்து. மொக்கையன் மிதித்த மிதியில் கூட்டம் முழுக்க முன் சீட்டில் போய் மோதியது. கண்டக்டர் வாயில் விரலை வைத்தார். செடிகளுக்குப் பின்னாலிருந்து பதினொன்றாம் நம்பர்க்காரர்கள் பூனை நடை நடந்து, சில்லறை சகிதம் ஏறினார்கள்.

புஷ்பமேரி எட்டித் தடத்தைப் பார்த்தாள். "ஏ, இது புலி இல்லப்பா. சிரட்டை" என்று உரக்கச் சொன்னாள். பஸ்ஸில் இருந்தவர்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

கடைசியாக ஏறிய சாந்தம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தள்ளி ஒக்காரு மேரி. புலிக்குப் பிரதிநிதி வந்திருக்கேன்."

புஷ்பமேரி முறைத்தாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் தள்ளி உட்கார்ந்தாள். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பஸ் கிளம்பியது. அடுத்த வளைவு பன்னிரண்டாம் நம்பர். அங்கே பனிக்குள், கைக்குழந்தையோடு ஒருத்தியும் கூடையோடு ஒரு கிழவரும் பள்ளிக்கூடப் பைகளோடு சில பிள்ளைகளும் நின்று கை காட்டினார்கள். மொக்கையன் வேகத்தைக் குறைத்தான்.

"நிக்காம போங்க அண்ணே" என்றார்கள் இரண்டு பிரதிநிதிகளும் ஒரே குரலில். "நேரமாச்சு."